கவுன்சிலர் வேட்பாளருக்குக் கிடைக்கும் பத்து நாள்

2022 பிப்ரவரி 7ஆம் தேதி பிற்பகல் வேட்புமனுவைத் திரும்பப் பெறும் நேரம் முடிந்தது. அதன் பிறகுதான் சென்னை மாநகராட்சியின் 200 வார்டுகளிலும் நின்ற சுயேச்சைகளுக்குத் தங்கள் சின்னம் எது என்று தெரிந்தது. 17ஆம் தேதி மாலை ஆறு மணிக்குப் பிரசாரம் ஓய்ந்தது. 19ஆம் தேதி வாக்குப்பதிவு. சின்னத்தைச் சொல்லி வாக்குக் கேட்க ஒரு சுயேச்சைக்குக் கிடைத்தது முழுதாகப் பத்து நாள்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அப்போது சென்னையில் வாக்காளர்கள் 61 லட்சத்துக்கும் மேல். வார்டுக்குச் சராசரியாக 31,000 பேர். வீட்டுக்கு மூன்று ஓட்டு என்று வைத்துக்கொண்டாலும் பத்தாயிரம் வாசல் ஏறி இறங்க வேண்டும், நாளுக்கு ஆயிரம். காலை எட்டு மணிக்குத் தொடங்கி இரவு எட்டு மணி வரை சோறு தண்ணீர் இல்லாமல் நடந்தாலும் ஒரு வாசலுக்கு முக்கால் நிமிடம்கூடத் தேறாது. கதவு திறப்பதற்கே அதைவிட அதிக நேரம் ஆகும். அடுக்குமாடிக் குடியிருப்பாக இருந்தால் காவலாளியைத் தாண்டுவதே ஒரு பிரசாரம்.

வேட்புமனு கொடுக்கும் நாளில்தான் வேட்பாளர் பிறக்கிறார் என்று நினைத்துக்கொண்டு களத்துக்கு வருபவர்கள் ஒவ்வொரு முறையும் ஏமாறுவது இந்தக் கணக்கில்தான். உள்ளாட்சித் தேர்தலில் சட்டம் வைத்திருக்கும் வாசல் மிக அகலமானது. அதற்கு முன்னாலும் பின்னாலும் உள்ள வாசல்கள்தான் குறுகல், அவற்றைப் பற்றி யாரும் அறிவிப்பு வெளியிடுவதில்லை.

சட்டம் கேட்பது

மக்களவைக்கோ சட்டமன்றத்துக்கோ நிற்க 25 வயது ஆகியிருக்க வேண்டும். நகராட்சிக்கும் மாநகராட்சிக்கும் 21 போதும் என்று அரசியலமைப்பின் 243வி பிரிவு சொல்கிறது. இது வெறும் ஏட்டுச் சலுகை இல்லை. 2022இல் சென்னையின் 98ஆவது வார்டில் மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சியின் சார்பில் நின்று வென்றவருக்கு வயது 21.

சென்னையிலோ வேறு மாநகராட்சியிலோ நிற்பவர் அந்த மாநகராட்சியின் ஏதேனும் ஒரு வார்டில் வாக்காளராக இருந்தால் போதும். நிற்கும் வார்டிலேயே ஓட்டு இருக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் அவரை முன்மொழிபவர் அந்த வார்டின் வாக்காளராக இருக்க வேண்டும். இந்தச் சலுகையின் மறுபக்கத்தை நாடு முழுவதும் பார்த்துச் சிரித்தது 2021 அக்டோபரில். கோவை மாவட்டம் குருடம்பாளையம் ஊராட்சியில் நடந்த வார்டு இடைத்தேர்தலில் ஒரு வேட்பாளருக்கு விழுந்தது ஒரே ஒரு ஓட்டு. வீட்டில் உள்ளவர்கள்கூடப் போடவில்லை என்று சமூக வலைத்தளங்கள் கேலி பேசித் தீர்த்தன. அவர் குடும்பத்தின் ஓட்டுகள் வேறு வார்டில் இருந்தன என்ற விளக்கம் பிறகு வந்தது. கேலி போன தூரம் விளக்கம் போகவில்லை.

கட்டுத்தொகை 2022இல் மாநகராட்சி வார்டுக்கு 4,000 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடி வேட்பாளர்களுக்கு 2,000. நகராட்சி என்றால் 2,000, பேரூராட்சி என்றால் 1,000. அங்கும் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் பாதி. இத்துடன் சொத்து, கடன், குற்ற வழக்குகளைச் சொல்லும் உறுதிமொழிப் பத்திரம். மாநகராட்சியோடு நடப்பில் ஒப்பந்தம் வைத்திருப்பவர் நிற்க முடியாது, வரிப் பாக்கியும் சிக்கலைக் கொண்டுவரும். பரிசீலனை நாளில் மனுக்கள் தள்ளுபடியாவதற்குப் பெரிய சட்டக் காரணங்கள் தேவைப்படுவதில்லை. முன்மொழிந்தவரின் பாகம் எண்ணும் வரிசை எண்ணும் தவறாக எழுதப்பட்டிருப்பது, ஒரு கையெழுத்து விடுபட்டிருப்பது, கட்சியின் அங்கீகாரப் படிவம் உரிய நேரத்துக்குள் வந்து சேராதது ஆகியவையே போதும். விவரம் தெரிந்தவர்கள் அதனால்தான் கடைசி நாள் கூட்டத்தில் போய் நிற்பதில்லை. மாற்று வேட்பாளர் ஒருவரையும் மனு போட வைக்கிறார்கள்.

ஆக, 21 வயது, ஒரு முன்மொழிபவர், நான்காயிரம் ரூபாய். இந்த நாட்டில் இதைவிடக் குறைந்த நிபந்தனையோடு ஒரு பொதுப் பதவிக்குப் போட்டியிட அதிக வழி கிடையாது.

உங்கள் வார்டு யாருக்கு?

ஒருவர் ஐந்து வருடம் தெருத்தெருவாக அலைந்து வேலை செய்திருக்கலாம். அடைத்த வடிகாலைத் திறக்க வைத்திருப்பார், மழை வெள்ளத்தில் படகு தேடிக் கொடுத்திருப்பார், முதியோர் உதவித்தொகைக்கு மனு எழுதியிருப்பார். தேர்தலுக்குச் சில வாரங்கள் முன்னால் ஓர் அரசாணை வரும். அதில் அவருடைய வார்டு எண்ணுக்கு எதிரே ‘பெண்கள் (பொது)’ என்று இருக்கும். அன்றோடு கதை முடிந்தது. அல்லது அவர் மனைவியின் கதை தொடங்கியது.

1992ஆம் ஆண்டின் 74ஆவது அரசியலமைப்புத் திருத்தம் 1993 ஜூன் முதல் நடைமுறைக்கு வந்தது. நகர்ப்புற மன்றங்களில் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் மக்கள்தொகை விகிதப்படி இடங்கள், பெண்களுக்குக் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு, இவற்றைச் சுழற்சி முறையில் ஒதுக்கலாம் என்பது அதன் விதி. தமிழ்நாடு 2016இல் பெண்களின் பங்கைப் பாதியாக உயர்த்தியது. இதன் பலனை எண்ணிக்கையிலேயே பார்க்கலாம். 2022இல் சென்னை மன்றத்துக்குள் நுழைந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் பெண்கள். 21 மாநகராட்சிகளில் 11இன் மேயர் பதவிகள் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டன. சென்னை மேயர் பதவி பட்டியல் சாதிப் பெண்ணுக்கு என்று ஒதுக்கப்பட்டதால், 74ஆவது வார்டில் வென்ற ஆர். பிரியா 28 வயதில் மேயரானார். மூன்று நூற்றாண்டைத் தாண்டிய அந்த மாநகராட்சியில் அவருக்கு முன் அந்த நாற்காலியில் அமர்ந்த பெண்கள் இருவர்தான், தாரா செரியனும் காமாட்சி ஜெயராமனும். தலித் பெண் ஒருவர் அமர்ந்தது அதுவே முதல் முறை. ஒதுக்கீடு இல்லாமல் இது நடந்திருக்கும் என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன்.

சுவரொட்டியில் மனைவியின் படத்துக்குப் பக்கத்தில் அதே அளவில் கணவரின் படம், வென்ற பிறகு வார்டு அலுவலகத்தில் கணவரின் நாற்காலி என்ற காட்சியும் எல்லோருக்கும் தெரிந்ததுதான். இதைச் சுட்டிக்காட்டி ஒதுக்கீட்டையே கேலி செய்வோர் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். அந்தக் கணவர்களும் பெரும்பாலும் மாவட்டச் செயலாளரின் நிழலில் நிற்பவர்கள்தான். யாருடைய நிழலும் படாமல் மன்றத்துக்குள் வரும் ஆண் கவுன்சிலர்கள் எத்தனை பேர் என்று எண்ணத் தொடங்கினால் விரல்கள் மிஞ்சும்.

பாலினத்தைத் தாண்டியும் ஒரு கதவு திறந்தது. வேலூர் மாநகராட்சியின் 37ஆவது வார்டில் திமுக வேட்பாளராக நின்ற திருநங்கை கங்கா நாயக் வெற்றி பெற்றார்.

சீட்டு கிடைக்கும் இடம்

நகர்ப்புற உள்ளாட்சியில் கட்சி அடிப்படையில்தான் தேர்தல். கிராம ஊராட்சி வார்டு, ஊராட்சித் தலைவர் பதவிகளுக்குக் கட்சிச் சின்னம் கிடையாது, நகரத்தில் உண்டு. இந்த ஒரு வித்தியாசமே ஆட்டத்தை மாற்றிவிடுகிறது. பதவியைத் தேடுபவர் முதலில் வாக்காளரிடம் போவதில்லை, கட்சி அலுவலகத்தில் விருப்ப மனு கொடுக்கப் போகிறார். அதற்கு ஒரு கட்டணம் உண்டு. அரசுக்குக் கட்டும் கட்டுத்தொகையைவிட அது அதிகமாக இருப்பதும் உண்டு. வட்டச் செயலாளர், பகுதிச் செயலாளர், மாவட்டச் செயலாளர் என்று மேலேறிப் பட்டியல் போகும். கூட்டணிக் கட்சிக்கு வார்டு கைமாறினால் எல்லாப் படியும் வீண். சட்டமன்றத் தொகுதி என்றால் தலைமையே நேரில் பார்க்கும். வார்டு என்றால் மாவட்டச் செயலாளர் சொன்னதுதான் தீர்ப்பு, அதற்கு மேல்முறையீடு கிடையாது.

2022இல் அதிமுகவும் பாஜகவும் தனித்தனியாக நின்றன. பாமக, நாம் தமிழர், மக்கள் நீதி மய்யம், அமமுக, தேமுதிக எல்லாம் தனிப் பாதை. சென்னையில் மட்டும் 2,600க்கும் மேற்பட்டோர் களத்தில் இருந்தனர், சராசரியாக ஒரு வார்டுக்கு 13 பேர். இப்படிப் பலமுனையாகச் சிதறினால் வெளியாள் ஒருவர் நுழைய இடம் கிடைக்கும் என்று தோன்றும். நடந்தது நேர்மாறு. திமுக கூட்டணிக்கு 178 இடம், அதில் திமுகவுக்கு மட்டும் 153. அதிமுக 15. பாஜகவும் அமமுகவும் ஆளுக்கு ஒன்று. சுயேச்சைகள் ஐந்து. எதிர்ப்பு ஓட்டு எத்தனை கூறாக உடைந்தாலும், பெரிய கூறு கையில் வைத்திருப்பவருக்கே அது லாபம்.

சுயேச்சை என்ற சொல்லுக்குள் இரண்டு தனி ஜாதிகள் இருக்கின்றன. குடியிருப்போர் சங்கத்திலிருந்தோ ஏரி மீட்புக் குழுவிலிருந்தோ வருபவர் ஒருவர். சீட்டு கிடைக்காத கோபத்தில் நிற்கும் போட்டி வேட்பாளர் மற்றவர். இரண்டாமவருக்குப் பூத்தில் உட்கார ஆள் உண்டு, எந்தத் தெருவில் யார் சொன்னால் ஓட்டு விழும் என்பது தெரியும், பழைய வாக்காளர் பட்டியலில் பென்சில் குறிப்புகள் உண்டு. முதலாமவரிடம் நல்ல துண்டறிக்கை இருக்கும்.

பூத்தில் உட்கார ஆள் என்பது சின்ன விஷயமாகத் தெரியலாம். வார்டில் முப்பது வாக்குச்சாவடி இருந்தால், காலை ஆறு மணி மாதிரி வாக்குப்பதிவிலிருந்து மாலை இயந்திரத்துக்கு முத்திரை வைக்கும் வரை முப்பது பேர் நம்பிக்கையாக உட்கார வேண்டும். சாப்பாட்டு நேரத்துக்கு மாற்று ஆள் வேண்டும். வாசலில் பூத் சிலிப் கொடுக்கத் தனியாக ஆட்கள். கடைசியில் எண்ணிக்கை முகவர்கள். இதை ஏற்பாடு செய்ய முடியாதவருக்குத் தன் ஓட்டு எங்கே கரைந்தது என்பதே தெரியாமல் போகும்.

ஓட்டின் விலையும் சட்டத்தின் கணக்கும்

சென்னை வார்டு வேட்பாளர் 2022இல் அதிகபட்சம் 90,000 ரூபாய் செலவழிக்கலாம். மற்ற மாநகராட்சிகளில் 85,000. சராசரி வார்டில் இது ஒரு வாக்காளருக்கு மூன்று ரூபாய்கூட வராது. வார்டுகளோ சராசரியாக இல்லை. ஆலந்தூர் பக்கம் ஒரு வார்டில் மூவாயிரத்துச் சொச்சம் வாக்காளர்கள், கோடம்பாக்கம் பக்கம் ஒரு வார்டில் ஐம்பதாயிரத்துக்கும் மேல். இரண்டுக்கும் வரம்பு ஒன்றே. முதலாவதில் வீட்டுக்கு வீடு நல்ல காகிதத்தில் அறிக்கை அடிக்கலாம், இரண்டாவதில் ஒலிபெருக்கி ஆட்டோவுக்கே போய்விடும்.

இந்த வரம்பைப் பற்றி விரிவாக எழுதுவதில் ஒரு சங்கடம் உண்டு. எழுதுபவருக்கும் தெரியும், படிப்பவருக்கும் தெரியும். கோவையில் வெள்ளிக் கொலுசும் ஹாட் பாக்ஸும் வீடு வீடாகப் போனதாக எதிர்க்கட்சிகள் புகார் சொன்ன தேர்தல் அது. தாக்கல் செய்யப்படும் கணக்கில் கொலுசுக்கு நிரல் கிடையாது.

குறைந்த வாக்குப்பதிவு இன்னொரு வகையில் கணக்கை மாற்றுகிறது. மாநிலம் முழுவதும் 60 சதவீதத்துக்கு மேல் பதிவான அன்று சென்னையில் 43 சதவீதத்தைச் சற்றே தாண்டியது. 31,000 பேர் உள்ள வார்டில் வாக்களித்தவர்கள் ஏறத்தாழ 13,500. பத்துப் பதினைந்து பேர் பங்கு போட்டால் ஐயாயிரம், ஆறாயிரம் ஓட்டில் வெற்றி. அதாவது வார்டில் ஆறில் ஒருவர் கைகாட்டினால் கவுன்சிலர். கட்சியின் உறுதியான ஓட்டு வங்கி வரிசையில் வந்து நிற்கிறது. தெருவிளக்கு எரியவில்லை என்று வாட்ஸ்அப் குழுவில் கொதிப்பவர் அன்று ஊரில் இருப்பதில்லை.

வென்ற பிறகு கையில் இருப்பது

வாக்குக் கேட்டுப் போகும் வேட்பாளரிடம் வாக்காளர் முதலில் கேட்பது தண்ணீர், அடுத்தது கழிவுநீர் அடைப்பு, பிறகு பட்டா, ரேஷன் அட்டை, மின்தடை. சென்னையில் இவை எதுவும் மாநகராட்சியின் கையில் இல்லை. குடிநீரும் கழிவுநீரும் 1978ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த தனி வாரியத்திடம், மக்கள் வாயில் மெட்ரோ வாட்டர். பட்டா வருவாய்த் துறை. மின்சாரம் மின்வாரியம். கட்டிட வரைமுறையில் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் கை. மாநகராட்சியிடம் இருப்பவை குப்பை, தெருவிளக்கு, உட்புறச் சாலைகள், மழைநீர் வடிகால், பூங்கா, மாநகராட்சிப் பள்ளிகள், நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்கள், கொசு ஒழிப்பு, பிறப்பு இறப்புச் சான்றிதழ், மயானம், சொத்து வரி.

மழைநீர் வடிகால் மாநகராட்சிக்கு, கழிவுநீர்க் குழாய் வாரியத்துக்கு என்ற இந்தப் பிரிவினை தெருவில் நிற்பவருக்குப் புரியாது, புரிய வேண்டிய அவசியமும் இல்லை. முழங்கால் அளவு தேங்கும் தண்ணீரில் இரண்டும் கலந்தே இருக்கும். கவுன்சிலர் நடுவில் நின்று இரண்டு பொறியாளர்களுக்கும் தொலைபேசியில் பேசிக்கொண்டிருப்பார். நேர்மையான வேட்பாளர் ‘தண்ணீர் என் கையில் இல்லை, ஆனால் துரத்திக் கேட்பேன்’ என்று சொன்னால் ஓட்டு குறையும். ‘மூன்று மாதத்தில் தண்ணீர்’ என்பவருக்குக் கூடும்.

மாநகராட்சிக்குள்ளும் நிர்வாக அதிகாரம் ஆணையரிடம். அவர் மாநில அரசு அனுப்பும் ஐஏஎஸ் அதிகாரி. மன்றம் தீர்மானம் போடும், வரவு செலவுத் திட்டத்தை ஏற்கும், வார்டு மேம்பாட்டு நிதியில் எந்தத் தெருவுக்கு வேலை என்று உறுப்பினர் சொல்லலாம். பணி நடப்பது அதிகாரிகள் வழியாக. மதிப்பூதியம் என்ற ஒன்று ஒழுங்காக அறிவிக்கப்பட்டதே 2023இல்தான். மாநகராட்சி உறுப்பினருக்கு மாதம் 10,000 ரூபாய், மேயருக்கு 30,000. வேறு வருமானம் இல்லாத நேர்மையான கவுன்சிலர் எப்படிக் குடும்பம் நடத்துவார் என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர்கள் பேச்சை மாற்றிவிடுகிறார்கள்.

மேயரை வாக்காளர் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதும் உறுப்பினர்கள் தேர்ந்தெடுப்பதும் ஆட்சிக்கு ஆட்சி மாறியிருக்கிறது. 1996இல் நேரடி, மு.க. ஸ்டாலின் அப்படி மேயரானார். 2006இல் மறைமுகம். 2011இல் மறுபடி நேரடி, சைதை துரைசாமி. பிறகு மறைமுகம் என்றும் நேரடி என்றும் சட்டம் புரண்டு, 2019இல் மறைமுகத்தில் வந்து நின்றது. மறைமுகத் தேர்தலில் ஒவ்வொரு கவுன்சிலரின் கையிலும் ஒரு மேயர் ஓட்டு இருக்கிறது. கட்சித் தாவல் தடைச் சட்டம் நாடாளுமன்றத்துக்கும் சட்டமன்றத்துக்கும்தான். கேரளம் உள்ளாட்சிக்குத் தனிச் சட்டம் வைத்திருக்கிறது, தமிழ்நாட்டில் அது இல்லை. அதனால்தான் 2022 மார்ச் 4 அன்று கூட்டணிக் கட்சிகளுக்கு ஒதுக்கிய தலைவர் பதவிகள் சிலவற்றில் திமுகவினரே போட்டி போட்டு வென்றார்கள். கட்சித் தலைவரே கூட்டணியிடம் வருத்தம் தெரிவித்து, வென்றவர்களைப் பதவி விலகச் சொல்ல வேண்டியதாயிற்று. 2024 ஜூலையில் கோவை, நெல்லை மேயர்கள் இருவரும் விலகினார்கள். நெல்லையில் அதற்கு முன்பே சொந்தக் கட்சி உறுப்பினர்கள் நம்பிக்கையில்லாத் தீர்மானம் வரை போயிருந்தார்கள்.

வார்டுக்குள் மக்களைக் கூட்டிப் பேசும் ஏற்பாடும் தாமதமாகத்தான் வந்தது. மூன்று லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள நகரங்களில் வார்டுக் குழு வேண்டும் என்று 74ஆவது திருத்தமே சொல்லியிருந்தும், தமிழ்நாடு வார்டுக் குழு, பகுதி சபைக்கான விதிகளை வெளியிட்டது 2022 ஜூனில். அந்த ஆண்டு நவம்பர் 1ஆம் தேதி தாம்பரம் மாநகராட்சியின் பம்மலில் நடந்த பகுதி சபையில் முதலமைச்சரும் உட்கார்ந்தார். சீட்டு கிடைக்காத புதியவருக்கு அடுத்த தேர்தலுக்கான பயிற்சிக் களம் இதுவே என்பது என் கருத்து. பத்து நாளில் பத்தாயிரம் வாசல் ஏற முடியாது, ஐந்து ஆண்டில் முடியும்.

தேர்தல் வந்தால்

நிற்க நினைப்பவர் இன்னொன்றையும் எண்ணிக்கொள்ள வேண்டும். 1688இல் தொடங்கிய மதராஸ் மாநகராட்சி, 1959இல் திமுகவுக்கு முதல் மேயரைத் தந்த மன்றம், 1973இல் ஊழல் புகாரை ஒட்டிக் கலைக்கப்பட்டது. அடுத்த தேர்தல் 1996இல். 23 ஆண்டுகள் சென்னையில் கவுன்சிலர் என்று யாரும் இல்லை. ஐந்தாண்டு முடிவதற்குள் தேர்தல் கட்டாயம் என்று அரசியலமைப்பே எழுதிய பிறகும், 2016 அக்டோபர் தேர்தலை, வேட்புமனுத் தாக்கல் முடிந்த மறுநாளே, சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. பழங்குடியினருக்கான ஒதுக்கீடு முறையாக இல்லை என்ற வழக்கு அது. தனி அலுவலர்கள் ஆண்டார்கள். அன்று மனு கொடுத்தவர்களுக்கு மறு வாய்ப்பு வந்தது 2022 பிப்ரவரியில். நடுவில் வார்டு எல்லைகளும் மாறிவிட்டன.

இப்போதைய மன்றங்களின் பதவிக்காலம் 2022 மார்ச் 2 அன்று தொடங்கியது, 2027 தொடக்கத்தில் முடியும்.

தோற்றவருக்கு ஒரு வேலை பாக்கி இருக்கும். முடிவு வந்த 30 நாளுக்குள் செலவுக் கணக்கைத் தேர்தல் அலுவலரிடம் கொடுத்தாக வேண்டும், வென்றவருக்கும் இதே விதி. வென்றவர் கொடுத்துவிடுவார், பதவி இருக்கிறதே. தோற்றவர்கள் ரசீதுகளைக் கட்டி அலமாரியில் போட்டுவிட்டு மறந்துபோகிறார்கள். கொடுக்காவிட்டால் மூன்று ஆண்டுகள் எந்த உள்ளாட்சித் தேர்தலிலும் நிற்க முடியாதபடி மாநிலத் தேர்தல் ஆணையம் தகுதி நீக்கம் செய்யலாம். அந்த நோட்டீஸ் வீட்டுக்கு வரும்போதுதான் பலருக்கு ஒலிபெருக்கி ஆட்டோ வாடகை ரசீது எங்கே என்ற கவலை பிறக்கிறது.